வேலியில் மெத்தென்ற இடம்

அந்த முதியோர் இல்லத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் திருப்புளி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எந்நேரமும் ஒரு சின்னத் திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர், செருகியிருக்கும். குழாய் ஒழுகினாலும், கதவு கிறீச்சிட்டாலும், சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுத்தாலும் திருப்புளியைத்தான் தேடுவார்கள். ஞாபகம் தப்பிப்போன வயதானவர்களுக்கான இல்லம் அது. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கள்கூட இந்தப் பெயரை மறப்பதில்லை என்று நர்ஸ் கேலி செய்வார்.

அவருடைய அக்காவும் அங்கேதான் இருந்தார், மாடியில் ஆறாம் எண் அறையில். அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். துணி மில்லில் முப்பத்தொரு வருடம் பழுது கண்டுபிடிக்கும் மேஜையில் வேலை செய்தவர். கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை எது கண்ணில் பட்டாலும் துணியை நிறுத்திச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அக்காவின் கட்சி. வலது கட்டைவிரலைத் துணி மேல் வைத்தபடியே நிற்பார். அந்த மேஜையில் அக்கா விட்டுவிட்ட பழுதை யாரும் கண்டுபிடித்ததில்லை என்று மில்லில் பேச்சு.

இல்லத்துக்கு வருவதற்கு முன் அக்கா தம்பியோடும் தம்பி மனைவியோடும்தான் இருந்தார். கணவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. முதலில் சாவியை மறந்தார், பிறகு கிழமையை. ஒரு நாள் காஸைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று தடவை வீட்டை விட்டுக் கிளம்பிப் போனார். மூன்றாவது தடவை ஒரு பஸ் டிரைவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். திருப்புளியின் மனைவி சலவைக் கடையில் வேலை பார்ப்பவர், பகலில் வீட்டில் ஆள் கிடையாது. யோசித்து யோசித்துக் கடைசியில் திருப்புளி வேலை செய்யும் இல்லத்திலேயே சேர்த்தார்கள். தினமும் கண்ணெதிரே இருப்பார், அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தார்கள்.

ஆறு மாதத்தில் அக்காவுக்கு அவரை அடையாளம் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் அறையில் விளக்கு மாற்றும்போது, "நான்தான்க்கா, உன் தம்பி" என்றார். அக்கா பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். தன் தம்பி பள்ளிக்கூடம் போகிற பையன் என்றும், இந்த ஆள் என்னென்னவோ சொல்கிறார் என்றும் முறையிட்டார். வெளியே வந்ததும் நர்ஸ் அவரைத் தனியாக அழைத்துப் போய், இனிமேல் அப்படிச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவர்களுக்கு அது நெருப்பைத் தொட்ட மாதிரி இருக்கும் என்றார். அவரும் சொல்வதை விட்டுவிட்டார். வாழ்நாள் முழுக்க "டேய்" என்று கூப்பிட்ட வாய் "வாங்க, போங்க" என்று மரியாதை கொடுத்தது. பழகிவிடும் என்று பார்த்தார், பழகவில்லை.

இல்லத்தின் பின்பக்கத் தோட்டத்தைச் சுற்றி மரவேலி. ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு சாண். அறுபத்திரண்டு கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் இரண்டு குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் நெருக்கமாக அடித்த பலகைகள். மதில் எழுப்பினால் சிறைச்சாலை மாதிரி இருக்கும் என்று இல்லத்தைத் தொடங்கியவர் மரம்தான் வேண்டும் என்றாராம். ஒன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டது திருப்புளிதான்.

வேலி நரைப்பதைக் கண்டு பயப்படக் கூடாது என்பார் அவர். வெயில்பட்ட பலகை ஒன்றிரண்டு வருடத்தில் சாம்பல் நிறமாகிவிடும். அது மேல்தோலோடு சரி, தலை நரைத்தவனெல்லாம் சாகக் கிடக்கிறானா? பயப்பட வேண்டியது தண்ணீருக்கு, அதிலும் போக வழியில்லாமல் தங்கிவிட்ட தண்ணீருக்கு. கம்பம் மண்ணுக்குள் இறங்குகிற இடம், பலகையை அறுத்த முனை, ஆணி துருப்பிடித்துக் கறுப்பாக வழிந்திருக்கும் ஓட்டை, மரம் இந்த மூன்று வாயாலும் குடிக்கும். குடித்தது காயாவிட்டால் மக்கும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் வேலியின் காலடியில் சேர்ந்த இலையையும் மண்ணையும் வாரி எடுப்பார். பலகைக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வெயில் எட்டாத பின்பக்கத்தில் பச்சைப் பாசி படியும், அதைச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்துத் தேய்ப்பார். மூன்று நாள் காயவிடுவார். நான்காம் நாள் எண்ணெய் பூசுவார். பலகையின் முகத்துக்கு ஒரு கை என்றால், அறுத்த முனைகளுக்கு மூன்று கை.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. மேனேஜர் அம்மா நல்லவர்தான், ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாம்பல் நிற வேலி அழுக்காகத் தெரிகிறது, வெள்ளை பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். நான்கு நாள் மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது.

"உள்ள ஈரம் இருக்கும்மா. மேல பெயிண்ட் அடிச்சா அது வெளிய வர வழியில்லாமப் போயிடும். ஒரு வாரமாவது காயட்டும்" என்றார் திருப்புளி.

"ஒரு வாரத்துல அவங்க வந்துட்டுப் போயிடுவாங்களே" என்றார் மேனேஜர் அம்மா.

வெளியிலிருந்து ஆட்கள் வந்து இரண்டே நாளில் அடித்து முடித்தார்கள். பார்வையிட வந்தவர்கள் வெள்ளை வேலிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தோட்டக் கொட்டகைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத நான்கு கம்பங்களைப் பெயிண்ட்காரர்கள் விட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திருப்புளி அவற்றுக்கு வழக்கம்போல எண்ணெயே பூசினார்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்டுக்கு அடியில் மரம் மக்கத் தொடங்கியது. அதை முதலில் கவனித்தவர் அக்கா.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணிவாக்கில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்பார், கைப்பையைத் தேடுவார், வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடப்பார். மில் மூடிப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. சும்மா உட்காரச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்பதால் நர்ஸ் தோட்டத்தில் கொண்டுவந்து விடுவார். அங்கே வந்தால் அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். முதல் கம்பத்தில் தொடங்கி வேலியோடு நடப்பார். கட்டைவிரல் பலகைகளின் மேல் ஓடிக்கொண்டே வரும். அங்கங்கே நிற்பார், குனிவார், அழுத்திப் பார்ப்பார்.

ஒரு நாள் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த திருப்புளியிடம் வந்து, "இங்க பாருங்க, இந்த எடம் மெத்துன்னு இருக்கு" என்றார்.

அவர் போய்ப் பார்த்தார். வெளியே வெள்ளை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பையிலிருந்த திருப்புளியை எடுத்துக் கம்பத்தின் அடியில் வைத்து லேசாகத்தான் அழுத்தினார். அது ரொட்டிக்குள் இறங்குவதைப் போல இறங்கிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் பழுப்பு நிற ஈரத் தூள் ஒட்டியிருந்தது.

மறுநாள் அவர் ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை வாங்கிய விதத்திலேயே, எத்தனை வருடம் அது அந்த விரல்களுக்கு நடுவில் இருந்தது என்று தெரிந்தது. வெள்ளை வேலியில் வெள்ளை சாக்பீஸ் தெரியாது என்று சிவப்பு கேட்டார். அதையும் வாங்கி வந்தார். ஒரு வாரத்தில் பதினோரு கம்பங்களில் சிவப்பு வட்டம் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை. மேனேஜர் அம்மா வேலியில் கிறுக்குவதைப் பற்றி வருத்தப்பட்டார். திருப்புளி ஒவ்வொரு வட்டத்திலும் தன் கையிலிருந்த திருப்புளியை இறக்கிக் காட்டிய பிறகு மேனேஜர் அம்மாவே தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்.

அவர் சொன்னபடியே திருப்புளி எழுதினார். பதினோரு கம்பம் புதிதாக வேண்டும், பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மரத்தை மூச்சுவிட வைக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த வருடம் மொத்த வேலியையும் மாற்றும் யோசனை இருக்கிறது, அதுவரை உள்ளதை வைத்து ஒப்பேற்றவும் என்று பதில் வந்தது. இன்னும் மூன்று கடிதம் போட்டார். மூன்றுக்கும் அதே பதில், தேதி மட்டும் மாறியிருந்தது.

அவர் ஒப்பேற்றினார். மக்கிய அடிப்பாகத்தை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய கட்டைகளைச் சீவி ஒட்டுக் கால் வைத்தார். குழிக்குள் ஜல்லி போட்டார், தண்ணீர் தங்காமல் இறங்கட்டும் என்று. ஒரு கம்பத்துக்கு ஒரு பகல் போயிற்று. நடுவில் அடுப்பங்கரை சின்க் அடைக்கும், லிஃப்ட் நின்றுபோகும். அவர் ஒன்றை முடிப்பதற்குள் அக்கா இன்னும் இரண்டில் வட்டம் போட்டிருப்பார். வேலி ஒரு பக்கம் ஓட, அவர் பின்னால் துரத்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த நாட்கள் அவருக்குப் பிடித்திருந்தன. அக்கா முன்னால் போக, இவர் பின்னால் போக, இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்வதைப் போலிருந்தது. தான் சொன்ன வேலை நடக்கிறதா என்று அக்கா நின்று பார்ப்பார். ஒரு தடவை அவர் அவசரத்துக்கு ஒரு மக்கிய இடத்தின் மேல் தகரத்தை வைத்து அடித்தபோது அக்காவின் முகம் மாறிவிட்டது.

"பழுத மூடி வெக்காதீங்க" என்றார். "யாரோ ஒருத்தர் தலையில போய்தான் விடியும்."

அவர் தகரத்தைக் கழற்றிவிட்டார்.

வேலியின் கடைசி மூலையில், துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் ஒரு இடம். நாற்பத்தெட்டாவது கம்பத்துக்கும் நாற்பத்தொன்பதாவது கம்பத்துக்கும் நடுவில். அந்த இடம் வரும்போது அக்கா கையை எடுத்துவிடுகிறார் என்பதை ஒரு நாள் தற்செயலாகக் கவனித்தார். வேலி நெடுக ஓடி வந்த விரல் அங்கே வந்ததும் மடியும். அக்கா வானத்தைப் பார்ப்பார், கொடியில் தொங்கும் போர்வைகளைப் பார்ப்பார். நான்கைந்து அடி தாண்டியதும் மறுபடி கையை வைப்பார். ஒரு பழுதையும் விடாதவர் ஓரிடத்தைத் தொடாமலே போகிறார் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

அக்கா உள்ளே போன பிறகு அவர் போர்வைகளை விலக்கிவிட்டுப் பார்த்தார். மூன்று பலகைகளின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்கு நைந்து போயிருந்தது. பெயிண்ட் மட்டும் தோல் மாதிரி நின்றது. கீழ்ச் சட்டத்தை யாரோ சுரண்டிச் சுரண்டி ஆணிகள் வெளியே தெரிந்தன. புல்லில் மரத்தூள். பக்கத்தில் மண்ணில் குத்தி வைத்த ஒரு ஸ்பூன், சாப்பாட்டு அறையினுடையது.

மறுநாள் அங்கேயே காத்திருந்தார். அக்கா வந்தவுடன் அவரைப் பார்த்து நின்றுவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க நல்லவரா இருக்கீங்க, அதனால சொல்றேன். ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வாசல் வழியா விட மாட்டேங்கறாங்க. இந்தப் பக்கம்தான் வழி. நீங்க பாக்காத மாதிரி இருங்க, போதும்."

"போகலன்னா என்ன?" என்று கேட்டார் திருப்புளி.

"வீட்ல தம்பி இருக்கான். நான் வேலைக்குப் போகலன்னு தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு அவன் போயிடுவான். பிடிவாதக்காரன். அப்புறம் காலம் பூரா யாரோட கதவையாவது ரிப்பேர் பண்ணிட்டு நிப்பான்."

பதினேழு வயதில் திருப்புளி படிப்பை விட்டது உண்மை. அக்கா டைபாய்டு வந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மரப்பட்டறையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்காக அக்கா ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அது தீரவில்லை. எல்லாம் அழிந்துபோன அந்த மனசில் அந்த ஒன்று அழியாமல் உட்கார்ந்திருந்தது.

"சரிங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கே அடிச்சிடுங்க. வெளிய பெரிய ரோடு" என்றார். அவரும் அடிக்கத்தான் போகிறேன் என்றார்.

மறுநாள் மழை. ஈர மரத்தில் அடித்த ஆணி நிற்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லிக்கொண்டதற்குக் காரணம் வேறு என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கு அடுத்த நாளும் மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. மூன்று பலகையும் ஒரு சட்டமும் எடுத்துக்கொண்டு கொடிக்குப் பின்னால் போனார். அக்கா அங்கே நின்றிருந்தார். பலகையைப் பார்த்தார், அவர் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"நீங்களும் அவங்க ஆள்தானா?" என்றார்.

சத்தம் போட்டிருந்தால், திட்டியிருந்தால் அவர் அடித்து முடித்திருப்பார். அக்கா அதைக் கேட்டுவிட்டு வேலியில் முதுகைச் சாய்த்து அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அவர் பலகைகளை வேலி மேல் சாய்த்து வைத்தார். நாளைக்கு விடுமுறை, நாளை மறுநாள் காலையில் அக்கா கீழே இறங்குவதற்கு முன்னால் வந்து அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று படிக்கட்டு வரை போனார். சொன்னால் அக்காவைத் தோட்டத்துக்கே விட மாட்டார்கள். திரும்பி வந்துவிட்டார்.

விடுமுறை நாளில் இரண்டேகால் மணிக்கு வீட்டில் போன் அடித்தது. அக்காவைக் காணோம் என்றார் நர்ஸ். போர்வையை எடுக்கப் போனபோதுதான் ஓட்டை தெரிந்ததாம். எவ்வளவு நேரமாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு எங்கே தேடுவது என்று மட்டும் தெரிந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்குப் போனார். அங்கே இப்போது கார் விற்கும் கடை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் புதுக் கார்கள் நின்றன. காவலாளியிடம் வெளிர்நீலப் புடவை கட்டிய வயதான அம்மா யாராவது வந்தார்களா என்று கேட்டார். வரவில்லை. மில்லின் பழைய வாசல் இருந்த பக்கத்துச் சந்தில் ஒருமுறை போய்ப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே இல்லத்தை நோக்கித் திரும்பி நடந்தார், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தபடி. ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் கேட்டார். லாரிகள் உரசிக்கொண்டு போயின. தன் கையால் ஆறு ஆணி அடித்திருந்தால் போதும் என்பதைத் தவிர அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

டயர் கடை வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து, தலைக்கு மேல் ஒரு குடையையும் கட்டி வைத்திருந்தார். நடைபாதை விளிம்பில் கால் இடறி விழுந்துவிட்டார்களாம். ரோட்டில் விழவில்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தது என்றார். வலது மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருப்புளியைப் பார்த்ததும், தெரிந்த முகத்தைப் பார்த்த நிம்மதி வந்தது.

"நீங்களா? மேஸ்திரிகிட்ட கொஞ்சம் சொல்லிடுறீங்களா, நான் வந்துட்டேதான் இருந்தேன்னு."

"சொல்லிட்டேங்க. லீவு போட்டாச்சு" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துச் சேர்த்து, முழங்கையிலிருந்து விரல்கள் வரை மாவுக்கட்டு போட்டார்கள். உறவு என்ன என்று கேட்ட டாக்டரிடம் தம்பி என்று சொன்னார். அக்கா படுக்கையிலிருந்து தலையைத் திருப்பி, பாவம், இவர் எனக்காகப் பொய் சொல்கிறார் என்பதைப் போல டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போய் நின்றார். இரவெல்லாம் யோசித்து வைத்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். நடந்ததைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கை. மரம் மக்கியதுதான் காரணம், பராமரிப்பு ஊழியர் நான்கு முறை எழுத்து மூலமாக எச்சரித்திருக்கிறார் என்று இருந்தது.

"ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார் மேனேஜர் அம்மா. "ஈரத்துல பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான். அதையும் எழுதியிருக்கேன்."

"அந்த எடம் எனக்கு முன்னாடியே தெரியும்மா. ஒரு வாரமாத் தெரியும்."

மேனேஜர் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இத என்னோட விட்டுடுங்க" என்றார். "நீங்க சொல்லித்தான் ஆகணும்னா நானும் மேல சொல்லித்தான் ஆகணும். சொன்னா ஒங்கள வெச்சிக்க மாட்டாங்க. அக்காவயும் வேற எடம் பாருங்கம்பாங்க. அப்புறம் அவங்களப் பாக்குறது யாரு?"

குற்றத்தைச் சொல்லித் தண்டனையை வாங்கிக்கொண்டால் பாரம் இறங்கும் என்று வந்தவருக்கு, அதற்கும் வழியில்லை என்று ஆகிவிட்டது. அறிக்கையை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தார். மனைவி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சட்டையை வாங்கி மாட்டிவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தார். சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நான்கு கடிதத்துக்கு அசையாத அலுவலகம் இப்போது பத்தே நாளில் ஆட்களை அனுப்பியது. உயரமான சாம்பல் நிற இரும்புத் தகடுகள், இரும்புக் கம்பங்கள். பழைய வேலியைப் பிரிக்கும் வேலை மட்டும் திருப்புளிக்கு. பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. உள்ளே சில இடங்களில் மரம் விரலால் நசுக்கினாலே நீர் கசிந்தது. ஆனால் முக்கால்வாசிக் கம்பங்கள் அடியில் ஒரு முழம் தவிர மேலே கல் மாதிரி இருந்தன. கொட்டகைக்குப் பின்னால் பெயிண்ட்காரர்கள் விட்டுப்போன நான்கு கம்பங்களைப் பிடுங்கத்தான் அதிகப் பாடாயிற்று. வெறும் எண்ணெய் குடித்தே இருந்தவை. நரைத்துத்தான் போயிருந்தன, ஆனால் அடிவரை ஒரு பழுது இல்லை. கடப்பாரை போட்டு நெம்பி, மண்ணோடு மல்லாடித்தான் எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்லதையும் கெட்டதையும் பிரித்து வைக்க நேரமில்லை என்றார் கான்ட்ராக்டர்.

"இனி ஒங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லைங்க. இருபது வருஷத்துக்கு இத யாரும் தொட வேண்டியதே இல்ல" என்று தகட்டைத் தட்டிக் காட்டினார்.

புது வேலி நின்ற முதல் நாள் நர்ஸ் அக்காவைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அக்கா இடது கையைத் தகட்டில் வைத்தார். வைத்த இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். திருப்புளி கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஓரிடத்திலும் நிற்கவில்லை. நிற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கொடியைத் தாண்டி, மூலையைத் திரும்பி, முழுச் சுற்றும் வந்து, கையைப் புடவை மேல் துடைத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்றார்.

அதற்குப் பிறகு தோட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. கொஞ்ச நாளில் ஷிஃப்ட்டைப் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காருவார், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அக்கா இப்போது தொந்தரவே இல்லை, அமைதியாகிவிட்டார் என்று நர்ஸ் சந்தோஷமாகத்தான் சொன்னார். நர்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. பதினெட்டுப் பேரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒருவர் அமைதியானால் அது நல்ல செய்திதான். திருப்புளி தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு சாக்பீஸைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்துப் பார்த்தார். பழைய துணி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அக்கா அதை நான்காக மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

ஆறு வாரத்துக்குப் பிறகு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கட்டைவிரல் மட்டும் பழைய மாதிரி மடங்காது என்றார் டாக்டர். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் வரும், அதற்கு அவர்களும் ஒத்துழைக்க வேண்டும். அக்கா ஒத்துழைக்கவில்லை. எதற்காக விரலை மடக்கச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

ஸ்பூனைப் பிடிக்க வராததால் மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட வேண்டியிருந்தது. நர்ஸுக்கு நேரம் போதவில்லை. திருப்புளி தன் சாப்பாட்டு நேரத்தில் அரை மணியை அதற்கு ஒதுக்கிக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு ஜன்னலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார். அக்கா வாயைத் திறப்பார், மெல்லுவார், விழுங்குவார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அவரைப் பார்ப்பார்.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்பார்.

"சாப்ட்டேங்க."

"எனக்காக ரொம்ப செரமப்படறீங்க."

"அதெல்லாம் இல்லைங்க. ஆ காட்டுங்க."

ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் அடுப்பங்கரையிலிருந்து ஆள் வந்து, தண்ணீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் ஓடுகிறது, உடனே வர வேண்டும் என்றார். திருப்புளி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அக்காவின் வாய் ஓரத்தைத் துண்டால் துடைத்தார். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார். குழாயை அடைத்து, தண்ணீரை வாரி முடிக்க முக்கால் மணி ஆயிற்று. நனைந்த சட்டையோடு திரும்பி வந்தபோது அக்கா தூங்கிப்போயிருந்தார். கிண்ணத்தில் மீதிச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் ஸ்டூல் பக்கத்தில் நின்றார். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.